புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகு விசிறிகள் சுழல்கின்றன, திரையில் எதுவும் வரவில்லை. கார்டு பழுதா?

கார்டை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான் பார்த்தவரை இப்படி நின்றுபோன கணினிகளில் கார்டே பழுதாக இருந்தது மிக அரிது.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகன் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினான். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். மாட்டிய அன்று இரவே, "சித்தப்பா, கார்டு போய்விட்டது" என்று தழுதழுத்த குரலில் பேசினான். மறுநாள் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டின் ஓரத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள். எந்தப் பாகத்தில் கோளாறோ அதன் விளக்கு எரியும். எரிந்துகொண்டிருந்தது ராமைக் (நினைவகத்தை) குறிக்கும் டிரேம் விளக்கு, கார்டைக் குறிக்கும் விஜிஏ அல்ல. கார்டை உள்ளே நுழைக்க வசதியாக ராமைக் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் ஒரு முனை நெல்மணி உயரத்துக்கு எழும்பி நின்றது. 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன், திரை வந்துவிட்டது.

ஆகவே முதலில் அந்த விளக்குகளைப் பாருங்கள். பிறகு மின் இணைப்பைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, ராமையும் கார்டையும் எடுத்து மீண்டும் பொருத்துங்கள். கார்டின் தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்கு வெளியே தெரியக் கூடாது. மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் புதிய கார்டில்தான் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்தது மின்சாரம். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 3060 போன்ற கார்டுக்கு 170 வாட் வேண்டும்; மீதி பவர் சப்ளையிலிருந்து தனி கேபிளில் வர வேண்டும். 8 பின் கேபிளில் இரண்டு வகை உண்டு. நான்கும் நான்குமாகப் பிரிவது சிபியுவுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. நுழையாத கேபிளைத் தயவுசெய்து பலம் கொடுத்துத் திணிக்காதீர்கள். வேறொரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை எடுத்து மாட்டவும் வேண்டாம். பின் வரிசை மாறியிருந்தால் கார்டே எரிந்துவிடும்.

இதுவும் சரியாக இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டில் இணைத்து இயக்குங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஐ5 12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் சிபியுகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றில் படம் வராது. அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அப்படியானால் பழைய கார்டை மாட்டிப் பாருங்கள்.

இப்படிப் படம் வந்தால் பயாஸை (கணினியைத் தொடக்கும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். பழைய போர்டு சில நேரம் புதிய கார்டை அடையாளம் காணாது. படமே வராவிட்டால் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து தொடக்க நிலைக்கு வரும். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் மாட்டும் போர்டு என்றால் அதன்பின் முதல்முறை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

எந்த விளக்கு எரிகிறது, மதர்போர்டு எந்த மாடல், பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது: இந்த மூன்றையும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். அதுவரை கார்டின் பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.