கிரியேட்டினின் 6.2 வந்துட்டா இனி ஆயுசு பூரா டயாலிசிஸ்தானா?

அப்பாவுக்கு நாலு நாளா வாந்தி பேதி, திடீர்னு கிரியேட்டினின் 6.2ன்னு ரிப்போர்ட், இனி காலம் பூரா டயாலிசிஸ்தானான்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, டயாலிசிஸ் டெக்னீஷியன், 11 வருஷமா அந்த மெஷின் பக்கத்துல நிக்கிறவன், பார்த்தத சொல்றேன்.

அந்த 6.2ஐ மட்டும் வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. "உப்பு ஏறிடுச்சு"ன்னு நம்ம ஊர்ல சொல்றது கிரியேட்டினினையும் யூரியாவையும்தான், சாப்பாட்டு உப்பு இல்ல. கிரியேட்டினின் தசையிலேர்ந்து தினமும் வர்ற கழிவு. கிட்னி இன்னைக்கு படுத்துச்சுன்னா அது ரத்தத்துல சேர்ந்து நல்லா தெரியவே ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், கிட்னி முழிச்சுக்கிட்ட பிறகும் கொஞ்ச நாள் இறங்காம நிக்கும். ஆளை அன்னைக்கே சாய்க்கிறது பொட்டாசியம். 3.5லேர்ந்து 5க்குள்ள இருக்கணும், 6.5 தாண்டிட்டா இதயத் துடிப்பே தடுமாறி நின்னுடலாம்.

கரும்பு வெட்டுற ஒரு அண்ணன், 40 வயசு இருக்கும், வெயில்ல வேலை, கூடவே பேதி, உடம்பு வலிக்குன்னு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி மூணு நாள் போட்டிருக்காரு. தண்ணி வத்திக் கிடக்கிற உடம்புல அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்த இன்னும் குறைச்சிடும். வந்தப்ப கிரியேட்டினின் 9க்கு மேல, பொட்டாசியம் 7.1, யூரின் பேக் அடியில ரெண்டு ஸ்பூன் அளவுக்கு டீ டிகாஷன் மாதிரி. இசிஜில டி அலை எல்லாம் கூடாரம் கட்டின மாதிரி கூம்பா நிக்குது, பொட்டாசியம் இதயத்த தொட்டுடுச்சுன்னு அர்த்தம். இதயத்தக் காப்பாத்த கால்சியம் குளூக்கோனேட் போட்டு, பொட்டாசியத்த இறக்க குளூக்கோஸோட இன்சுலின் ஏத்தி, கழுத்துல டியூப் போட்டு நாங்க மெஷின ரெடி பண்ணிட்டிருக்கோம், வெளியில அவரு சம்சாரம் சூடு தணியும்னு சீவின இளநீரோட நிக்குது! இளநீர்ல பொட்டாசியம் கொட்டிக் கிடக்கு. நான் அத வாங்கி ஓரமா வெச்சதுக்கு அந்தக்கா முறைச்ச முறை இன்னும் மறக்கல.

முதல் தடவை 2 மணி நேரம்தான் ஓட்டினோம், யூரியாவ ஒரேயடியா இறக்கினா மூளை வீங்கி ஃபிட்ஸ் வந்துடலாம். மொத்தம் 4 டயாலிசிஸ். ஆறாவது நாள் 300 மில்லி யூரின், மறுநாள் 900, அப்புறம் ஒரு நாளைக்கு 3 லிட்டர்னு ஊத்துது, கிரியேட்டினின் மட்டும் ரெண்டு நாள் அடம் பிடிச்சுட்டுதான் இறங்குச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு செக்கப்ல 1.2.

அதே சமயம் வந்த ஒரு தாத்தாவுக்கு கிரியேட்டினின் 3.4 தான். காலு புண்ணுல சீழ் வெச்சு கிருமி ரத்தத்துல ஏறி, பிபி நிக்கல, ரத்தத்துல அமிலம் ஏறி பைகார்பனேட் 9க்கு இறங்கிடுச்சு, லாக்டேட்ங்கிற அமிலக் கழிவு ஏறிக்கிட்டே போகுது. எலும்பும் தோலுமா இருந்தாரு, தசையே இல்லாதப்ப கிரியேட்டினின் எங்கேர்ந்து ஏறும்? மூணாவது நாள் போயிட்டாரு.

டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கலயேன்னும் பதறாதீங்க. 2016ல பிரான்ஸ்ல 620 ஐசியூ பேஷன்ட்ட வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பொட்டாசியம் மாதிரி உடனடி ஆபத்து இல்லாத ஆளுங்கள பாதிப் பேருக்கு உடனே டயாலிசிஸ், மீதிப் பேருக்கு காத்திருந்து தேவைப்பட்டா மட்டும். காத்திருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு டயாலிசிஸே தேவைப்படல, 60 நாள்ல இறந்தவங்க கணக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

உங்க அப்பாவோட பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் பீரோல கிடக்கான்னு தேடுங்க. போன வருஷம் 1 இருந்து, ஸ்கேன்ல கிட்னி சைஸ் சரியா இருந்தா திரும்பி வர வாய்ப்பு நல்லாவே இருக்கு, கிட்னி சுருங்கியிருந்தா அது பழைய வியாதி, கதை வேற. நாளைக்கு ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட பொட்டாசியம் எவ்வளவு, நேத்து யூரின் எத்தனை மில்லி, இந்த ரெண்டையும் கேளுங்க. பிபி மாத்திரை, சுகர் மாத்திரை எது எது சாப்பிட்டாருன்னு அட்டையோட கொண்டு போய்க் காட்டுங்க, அதுல சிலதை நிறுத்த வேண்டியிருக்கும். இளநீர், ஜூஸ் எதுவும் கேக்காம வாங்கிக் குடுத்துடாதீங்க.