நகக் கீறலிலிருந்து கதவையும் நிலையையும் காப்பது: கேள்வி பதில்

களியக்காவிளை முதல் தக்கலை வரையுள்ள ஊர்களில் கதவு, நிலை, ஜன்னல் வேலை செய்பவன் நான். வீட்டில் நாயும் பூனையும் வளர்க்கிறேன். வளர்ப்புப் பிராணிகளின் நகத்தால் மரவேலை பாழாவது குறித்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஆசாரி அண்ணே, எங்கள் முன்கதவு அப்பா காலத்து அயினி மரக் கதவு. நானும் மனைவியும் வேலைக்குப் போனதும் நாய் கதவின் அடிப்பாகத்தையும் நிலைக்காலையும் பிறாண்டித் தீர்க்கிறது. தகடு அடித்துவிட்டால் போதுமா?

தம்பி, தகடு மரத்தைக் காக்கும்; நாயின் பதற்றத்தைத் தீர்க்காது. கீறல் எப்போது விழுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் பிறாண்டுகிறது என்றால், பிறாண்டினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் திறக்காமல், அது அமைதியாக உட்கார்ந்த பிறகே திறந்து வந்தால் பழக்கம் மாறும். ஆளில்லாத நேரத்தில் மட்டும், நீங்கள் வெளியேறிய கதவிலேயே பிறாண்டி, எச்சில் வடித்து, ஊளையிட்டு, நகம் பிய்ந்து இரத்தம் வரும் அளவுக்குப் போகிறது என்றால் அது சேட்டை அல்ல, தனிமையின் அச்சம். திரும்பி வந்து அடிப்பதால் அந்த அச்சம் கூடுமே தவிரக் குறையாது. சாவியை எடுத்து, செருப்பைப் போட்டுவிட்டு, வெளியே போகாமலே மீண்டும் உட்காருங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று, அது பதறத் தொடங்கும் முன்பே திரும்பி வந்து, பிரிந்திருக்கும் நேரத்தை மெல்ல நீட்டுங்கள். கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு மருந்தும் உண்டு. இடிக்கும் வெடிக்கும் அஞ்சிப் பிறாண்டும் நாய்களும் இருக்கின்றன. ஐப்பசி இடிமழையின்போதும், கோயில் கொடையிலும் பங்குத் திருவிழாவிலும் வெடி போடும் இரவுகளிலும், ஜன்னல் அடைத்த உள்ளறையில் ஆள் துணையோடு இருத்தினால் நாயும் நிம்மதியடையும், கதவும் தப்பும்.

குலசேகரத்திலிருந்து: தகடு அடிப்பதானால் எந்தத் தகடு, எவ்வளவு உயரம்?

நாய் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலை ஊன்றும் இடத்தை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் விடுங்கள். மரத்தின் அழகு தெரிய வேண்டுமென்றால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு போடலாம்; அதிலும் கீறல் விழும், ஆனால் எளிதில் உடையாது, பழுதானால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அக்ரிலிக் தகடு பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் துளையிட்ட இடத்தில் விரிசல் விடக்கூடியது. வலுவான நாய் என்றால் துருப்பிடிக்காத எஃகுத் தகடே நிற்கும்.

பொருளைவிடப் பொருத்தும் முறையே முக்கியம் என்பேன். ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழையும் காணும் நம் பக்கத்தில், மரத்தோடு ஒட்டிப் பதித்த தகட்டின் பின்னால் புகும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடித்து, பாலிஷும் வெளுத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் 3 மில்லிமீட்டர் வாஷர் வைத்து, தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுங்கள். திருகாணி பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ இருக்கட்டும்; இரும்பு துருப்பிடித்தால் மரத்தில் இறங்கும் கறுப்புக் கறையை எடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் தகடு வெயிலில் விரிவதால் அதன் துளை, திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நிலைக்காலின் விளிம்புக்கு, முனை மழுக்கிய அலுமினிய ஆங்கிள் (L வடிவப் பட்டை) போதும். கதவு மூடும்போது அதில் இடிக்கிறதா என்பதைப் பொருத்தும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈத்தாமொழியிலிருந்து: அண்ணே, எங்கள் பூனை தினமும் காலையில் எழுந்ததும் அறை நிலையில்தான் நகம் தீட்டுகிறது. விரட்டினால் இரவில் வந்து செய்கிறது.

விரட்டுவதை விட்டுவிடுங்கள் அக்கா. நகத்தின் தேய்ந்த வெளித்தோட்டைக் கழற்றவும், தூங்கி எழுந்த உடலை நீட்டவும், உள்ளங்காலில் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதித்து இது தன் இடம் என்று அறிவிக்கவும் பூனை நகம் தீட்டியே ஆக வேண்டும். அதற்கென்று ஒரு கம்பம் கொடுப்பதே வழி. மூன்றடி உயரக் கட்டையைக் கனமான பலகையில் அசையாமல் ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றுங்கள். தென்னைக்குப் பேர்போன உங்கள் ஊரில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. கம்பம் ஒருமுறை ஆடினாலும் பூனை அதை நம்பாது. அந்த நிலையின் பக்கத்திலேயே கம்பத்தை வைத்து, நிலையைத் துடைத்து, இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சில வாரங்களுக்கு மட்டும் அதில் ஒட்டிவையுங்கள். பிசுபிசுப்பு பூனைக்குப் பிடிக்காது. கம்பத்துக்குப் பழகிய பிறகு அதைச் சிறிது சிறிதாக நகர்த்தலாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் கூர்முனையை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாய், அதைத் தொடக் கூடாது. நகத்தை அடியோடு எடுத்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பதாகும்.

பாறசாலையிலிருந்து: கதவருகே பாச்சை உருண்டை போட்டோ யூகலிப்டஸ் தைலம் தடவியோ நெருங்காமல் செய்யலாமா?

வேண்டாம். பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தைலமும் பினாயிலும் பூனைக்குக் குறிப்பாக ஆபத்தானவை. பினால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை அது நக்கியே தீரும்.

குளச்சலிலிருந்து: எங்கள் தாத்தா கரையானுக்காக மரத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். கதவுக்கு அதைப் பூசினால் நாய் அண்டாது என்கிறார்கள், உண்மையா?

கரையானுக்கு அது நல்ல பழைய முறைதான், மாமா. ஆனால் முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துப்போகச் செய்யும் என்பது முந்திரி ஆலையில் வேலை செய்தவர்கள் அனைவரும் அறிந்தது. நாயின் நாக்கிலும் பாதத்திலும் அதே புண் வரும். நாய் தொடக்கூடிய உயரத்தில் அதைப் பூச வேண்டாம்.

தக்கலையிலிருந்து: பாலிஷ் போட்ட தேக்குக் கதவில் ஏற்கெனவே விழுந்த கீறலை என்ன செய்வது?

விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். தட்டவில்லை என்றால் காயம் பாலிஷில் மட்டும்தான். அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷாக இருந்தால், புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனோடு கலந்துவிடும். மேலே இரண்டு கை தேய்த்தால் சரியாகும். பியூ (பாலியூரிதேன்) பூச்சு அப்படிக் கலப்பதில்லை என்பதால், அந்தப் பலகை முழுவதையும் உப்புத்தாள் தேய்த்துத்தான் மீண்டும் பூச வேண்டும். நகம் தட்டினால், 120, 180, 220 எண் உப்புத்தாள் என்ற வரிசையில் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடு பாலிஷுக்குப் பிறகுதான் கண்ணில் படும். ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் அமுங்கிய நார் எழும்பும், அறுந்த நார் எழும்பாது. ஆழமான கோட்டுக்குப் பலரும் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கிறார்கள். பசை சாயம் ஏற்காமல் அந்த இடம் தனியாகத் தெரியும். அதே மரத்தின் மெல்லிய தூளைக் கெட்டியான அரக்கில் குழைப்பதே எனக்கு உகந்த முறை.

பெயின்ட் அடித்த பழைய கதவாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1 முதல்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுதியாக இருக்கலாம் என்பதால், நனைத்துத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றியெடுத்து, வேலை முடியும்வரை குழந்தைகளையும் பிராணிகளையும் வேறிடத்தில் வையுங்கள்.

கருங்கல்லிலிருந்து: வாடகை வீடு, எல்லாம் ஃபிளஷ் கதவு. துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார்.

சமதளமாக இருக்கும் ஃபிளஷ் கதவின் மேல்தோலாக ஒட்டிய மரத்தகடு மிக மெல்லியது. ஒருமுறை அது கிழிந்தால் தேய்த்துச் சரிசெய்ய மரம் மிஞ்சாது. ஆகவே முதல் கீறலுக்கு முன்பே காப்பு வேண்டும். பசையில்லாமல் ஒட்டும் வினைல் தாளைக் கீழ்ப்பாதியில் ஒட்டி, மழைக்காலத்தில் அவ்வப்போது உரித்து, கதவைத் துடைத்து உலர்த்தி மீண்டும் ஒட்டுங்கள். நாய் வலுவானது என்றால், கதவுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கேட்டை இரண்டு நிலைக்கால்களுக்கு இடையே அழுத்தத்தில் நிற்கும்படி வைத்துவிடலாம். துளை தேவையில்லை, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.