எந்த ரெகெக்ஸ் நிரலகம் எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: உரையில் குறிப்பிட்ட வடிவத்தில் அமைந்த எழுத்துகளைத் தேட உதவுவது ரெகெக்ஸ். அதற்கான நிரலகங்களில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) பிசிஆர்இ2, ஆர்இ2 இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? எதை எடுப்பது?

உள்ளே தேடும் முறை வேறு. பிசிஆர்இ2 ஒரு வழியில் போய்ப் பார்க்கும். பொருந்தாவிட்டால் வந்த வழியே திரும்பி அடுத்ததை முயலும். ^(அ+)+$ என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ‘அ’ மட்டுமே, ஒன்றோ பலவோ குழுக்களாக வர வேண்டும் என்பது இதன் பொருள். முப்பது ‘அ’வுக்குப் பின் ஓர் ‘இ’ வரும் சொல்லைக் கொடுத்தால், அந்த முப்பதையும் குழுக்களாகப் பிரிக்க 53 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. முயற்சிகளுக்கு வரம்பு இல்லாவிட்டால், அத்தனையும் தோற்ற பிறகுதான் ‘பொருந்தவில்லை’ என்ற பதில் வரும். ஓர் ‘அ’ கூடினால் வேலை இரட்டிப்பாகும்.

ஆர்இ2 எல்லா வழிகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக முன்னே மட்டும் நகரும். கணினி அறிஞர் கென் தாம்சன் 1968இல் விளக்கிய முறையின் வழிவந்தது இது. உரை இரு மடங்கானால் நேரமும் இரு மடங்குதான். 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை ஏறத்தாழ 27 நிமிடம் முடங்கியதற்குக் காரணம், திரும்பித் திரும்பித் தேடவைத்த ஒரே ஒரு வடிவம். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் உரையா? ஆர்இ2 அல்லது ரஸ்ட் மொழியின் ரெகெக்ஸ் நிரலகம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஆனால் ஐயா, ஆர்இ2இல் முன்னோக்கிப் பார்க்கும் வசதி (அடுத்து என்ன வருகிறது என்பதைப் பிடிக்காமலே சரிபார்ப்பது) இல்லையே?

முன்பு பிடித்த துண்டை மீண்டும் சுட்டும் வசதியும் இல்லை. அந்த நேர உறுதியைக் காக்கத்தான் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எளிய வடிவத்தால் பிடித்து, மீதியை நிரலில் சரிபார்த்தால் போதும். வடிவமும் உரையும் உங்களுடையவையே என்றால் பிசிஆர்இ2 தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன் முயற்சி வரம்பு இயல்பாக ஒரு கோடி. அதைக் குறைத்து வையுங்கள்.

கேள்வி: பைத்தானில் ‘சொல் எழுத்து’ குறியீட்டை (\w) கொண்டு தேடினால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று உடைகிறது. என் பிழையா?

உங்கள் பிழை இல்லை. பைத்தானுடன் வரும் ‘ரீ’ நிரலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. நம் மொழிக்கு இது பெரிய குறை. ‘ரெகெக்ஸ்’ என்ற தனித் தொகுப்பை நிறுவுங்கள்; சொல் முழுதாகக் கிடைக்கும். ரஸ்ட் நிரலகமும் சரியாகவே செய்கிறது. ஆர்இ2இல் அந்தக் குறியீடு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே. அங்கே யூனிகோடின் ‘தமிழ்’ எழுத்து வகையைச் சுட்டித் தேடுங்கள்.

கேள்வி: ஆயிரக்கணக்கான வடிவங்களை ஒரே நேரத்தில் தேட?

ஹைப்பர்ஸ்கேன் என்ற நிரலகம். இன்டெல் 2015இல் திறந்த மூலமாக்கியது. ஏஆர்எம் சிப் என்றால் அதன் கிளையான வெக்டர்ஸ்கேன். வெறும் சொற்பட்டியலுக்கு ரெகெக்ஸே வேண்டாம். பல சொற்களை ஒரே ஓட்டத்தில் தேடும், 1975ஆம் ஆண்டின் அஹோ-கொராசிக் முறை போதும்.

கேள்வி: எழுத்துகளை எண்ணவும் ரெகெக்ஸ் உதவுமா?

உதவும். குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பைத்தான் 5 என்று சொல்லும். மேலே சொன்ன தனித் தொகுப்பிலும் பிசிஆர்இ2இலும் உள்ள முழு எழுத்துக் குறியீட்டால் (\X) எண்ணினால் 3 கிடைக்கும். ஆனால் ‘க்ஷ’வை இரண்டாக எண்ணிவிடும், அதை நீங்களே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.