சிறு கிளினிக்கின் மருத்துவக் கழிவை ஊர்க் குப்பையுடன் சேர்க்கலாமா?

கோபிச்செட்டிபாளையம் அருகே படுக்கை வசதியில்லாத கிளினிக் நடத்தும் ஒருவர், பயன்படுத்திய ஊசிகளையும் கட்டுத்துணிகளையும் ஊர்க் குப்பை வண்டியில் போடலாமா, தோட்டத்தில் எரிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சிறிய கிளினிக்குகளுக்கும் பொருந்தும். படுக்கை இல்லாத இடங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியை ஒருமுறை பெற்றால் போதும் என்பது ஒரு சலுகை.

கழிவு உண்டாகும் இடத்திலேயே பிரிப்பதுதான் முக்கியம். ஊசி போட்டு முடித்ததும் மூடியைத் திரும்பப் பொருத்தாமல், வெட்டுக் கருவியில் ஊசிமுனையைத் துண்டித்து, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் விழச் செய்து, எஞ்சிய சிரிஞ்சைச் சிவப்புப் பையில் போட வேண்டும். சிவப்புப் பையிலுள்ள பிளாஸ்டிக் நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதால், அதில் தப்பித் தவறி விழும் ஓர் ஊசி அங்கே வேலை செய்பவரின் கையைத்தான் பதம் பார்க்கும். இரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதியான மருந்தும் எரிப்பதற்கான மஞ்சள் பைக்கு உரியவை. அதில் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன மருத்துவக் குழாய்களைச் சேர்த்தால் டையாக்சின் நச்சு உருவாகக்கூடும். கண்ணாடி மருந்துக்குப்பிகளுக்கு நீலப் பெட்டி.

பார்கோடு ஒட்டிய பைகளை, பல மருத்துவமனைகளின் கழிவைச் சேர்த்துக் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியிடம் ஒப்படைக்க வேண்டும்; இரத்தம் தோய்ந்த பஞ்சு போன்ற சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் அத்தகைய நிலையம் இருந்தால் சொந்தமாக எரிப்பான் அமைக்கவும் விதி இடம் தருவதில்லை. தண்ணீர் வற்றிய தோட்டத்துக் கிணற்றில் கொட்டி மூடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தின் நிலத்தடி நீரும் அதனால் கெடும்.