பத்து லட்சத்துக்கு கிதார் வாங்கிப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 36. கல்லூரி நாட்களிலிருந்து எலெக்ட்ரிக் கிதார் வாசித்து வருகிறேன். இந்த ஆண்டு போனஸும் முதிர்ந்த வைப்பு நிதியும் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் கிப்ஸன் கிதார் நிறுவனத்தின் சிறப்புத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப், 1959-ம் ஆண்டின் லெஸ் பால் மாடலை அச்சு அசலாக மறுபடி செய்து விற்கிறது. இறக்குமதிச் செலவு உட்பட அது 8 லட்சம் ஆகிறது. அதனுடன் அமெரிக்கத் தயாரிப்பான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றையும் 2 லட்சத்துக்கு வாங்கிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, இப்போது 3 வயதாகும் என் மகளின் மேற்படிப்புக்காக 20 ஆண்டுகள் கழித்து விற்கலாம் என்பது என் திட்டம். “அந்தக் காலத்து கிதார் இன்று கோடிக்கணக்கில் போகிறது, இன்றைய கிதாரும் ஒருநாள் விண்டேஜ், அதாவது மதிப்புள்ள பழம்பொருள், ஆகத்தானே வேண்டும்” என்கிறார் விற்பனையாளர். இது நல்ல முதலீடுதானா?

பதில்: கிதார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. மகளின் படிப்புப் பணத்தில், முதலீடு என்ற பெயரில் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விற்பனையாளர் சொல்லும் கோடிக்கணக்கு பொய்யல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரத்து ஆலையில், 1958 முதல் 1960 வரை, ‘சன்பர்ஸ்ட்’ வண்ணப்பூச்சுடன் கிப்ஸன் செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிதார்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. அன்று அவற்றின் விலை 300 டாலருக்கும் குறைவு. மாற்றப்படாத பாகங்களுடன் நல்ல நிலையில் இருக்கும் 1959-ம் ஆண்டு கிதார் ஒன்று இன்று 3 லட்சம் டாலர் அளவுக்கு, அதாவது இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல், விலைபோகிறது. இந்த இடத்தில் வியப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 275 டாலர் 65 ஆண்டுகளில் 3 லட்சம் டாலராகிறது என்றால், கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 11 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அதே காலத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு, டிவிடெண்டை மறுபடி அதிலேயே போட்டுவந்தவருக்கு, ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சியைத் தந்திருக்கிறது. ஒரு சதவீத வித்தியாசம் 65 ஆண்டுகளில் பெரிய தொகையாகும் என்பது உண்மைதான். ஆனால் கிதாருக்குக் கட்ட வேண்டிய காப்பீடு, பழுதுபார்ப்பு, விற்றுத்தருபவரின் கமிஷன் ஆகியவற்றைக் கழித்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். உலகில் இதுவரை செய்யப்பட்ட எலெக்ட்ரிக் கிதார்களிலேயே மிக அதிகமாக விலையேறிய வகைகளில் ஒன்றுக்கு, அதுவும் சேதமின்றித் தப்பிப் பிழைத்த ஒன்றுக்கு, கிடைத்த பலன் இது. அந்தக் காலத்தில் செய்யப்பட்ட மற்ற கிதார்களின் கதையை விற்பனையாளர் சொல்லமாட்டார்.

அந்த 1,500 கிதார்களுக்கு மதிப்பு வந்ததற்கு வயது ஒரு சிறு காரணம்தான். முக்கியமான காரணம், அவை வெளிவந்த நாளில் வேண்டுவார் இல்லாமல் கிடந்தவை என்பது. போதிய விற்பனை இல்லாததால் கிப்ஸன் அந்த உடலமைப்பையே கைவிட்டு, 1961-ல் இரண்டு கொம்புகள் கொண்ட மெல்லிய உடலுக்கு மாறியது. சில ஆண்டுகள் கழித்து கீத் ரிச்சர்ட்ஸ், மைக் புளூம்ஃபீல்ட், எரிக் கிளாப்டன் போன்ற ராக், புளூஸ் கிதார் கலைஞர்கள் பழைய லெஸ் பாலைத் தேடிப்பிடித்து வாசிக்கத் தொடங்கியபோது, அந்த ஒலி எல்லோருக்கும் வேண்டியிருந்தது, ஆனால் கடையில் அது இல்லை. ஃபெண்டரின் கதை வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தது. லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தன் நிறுவனத்தை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்திடம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதன் பிறகு தரம் சரிந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் நம்பியதால், ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்பதே ஒரு விலைக்குறி ஆயிற்று. ஆக, உற்பத்தி குறைவு, பாதுகாத்தவர் குறைவு, பின்னால் வந்த பெரும் தேவை, அந்தத் தேவை எழுந்த நேரத்தில் புதிய சரக்கின் மேல் நம்பிக்கையின்மை ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தே அந்த விலையைக் கொடுத்தன.

இன்றைய கிதாருக்கு இவற்றுள் எது பொருந்துகிறது? கிப்ஸன் 2018 மே மாதத்தில் திவால் பாதுகாப்பு கோரியபோது, ஆண்டுக்கு 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிதார்களை விற்பதாகத் தெரிவித்திருந்தது. கணினி வழி இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்த பிறகு, தரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதும் குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் நினைப்பதையே உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் நினைக்கிறார்கள். 1959-ல் லெஸ் பால் வாங்கியவர் அதை மதுக்கூடங்களில் வாசித்தார், வியர்வையில் நனைத்தார், தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை மாற்றினார், அடகு வைத்தார். இன்று வாங்குபவரோ பெட்டி, சான்றிதழ், விலைச்சீட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வரை பத்திரப்படுத்துகிறார். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் 20 ஆண்டுகள் கழித்து அரிதாக இருக்காது.

‘லிமிடெட் எடிஷன்’ என்ற அச்சடிப்பும் உங்களைக் காப்பாற்றாது. சுருதி கூட்டும் மோட்டார்களும் மின்னணுச் சுற்றுகளும் பொருத்தி, 5,000 டாலருக்கு மேல் விலை வைத்து, எண்ணிக்கைக்கு வரம்பும் அறிவித்து, ஃபயர்பேர்ட் எக்ஸ் என்ற கிதாரை கிப்ஸன் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டது. தரையில் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான ஃபயர்பேர்ட் எக்ஸ் கிதார்களின் மேல் மண்வாரி இயந்திரம் ஏறி நொறுக்கும் காணொளி 2019-ல் பரவியது. அவை பழுது நீக்க முடியாதவை, பாதுகாப்பற்ற பாகங்கள் கொண்டவை என்று நிறுவனம் விளக்கமளித்தது. யாரும் விரும்பாத பொருள் அரிதாக இருந்தாலும் விலை ஏறுவதில்லை. அதே சமயம், 1958-ல் அறிமுகமான எக்ஸ்ப்ளோரர், ஃப்ளையிங் வி ஆகிய கிப்ஸன் மாடல்களும் அன்று விற்காமல் நின்றவைதான், இன்று அவை லெஸ் பாலுக்கு நிகரான விலையில் இருக்கின்றன. ஏளனம் செய்யப்பட்டதில் எது தேறும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் திறமை எனக்கு இல்லை, விற்பனையாளருக்கும் இல்லை.

இதற்கு மாறான சான்றுகளும் இருக்கின்றன, அவற்றை மறைப்பது நியாயமாகாது. தரம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட 1970-களின் ஃபெண்டர்கள் இன்று நல்ல விலைக்குப் போகின்றன. 1982-ல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் ஆரம்பகாலக் கிதார்களையும், ‘ஜேவி’ என்ற வரிசை எண் எழுத்துகளைப் பார்த்துத் தேடி வாங்குகிறார்கள். எனவே இன்றைய கிதார்களிலும் சில நிச்சயம் விலையேறும். ஆனால் உங்கள் பட்டியலில் இருக்கும் கஸ்டம் ஷாப் மறுபதிப்புக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதன் பெருமையெல்லாம் 1959-ன் அசலை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. பசை, சாயம், கழுத்தின் வளைவு, பூச்சின் விரிசல் என்று ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு திருத்தம் செய்து, ‘இதுவரை வந்தவற்றில் இதுவே அசலுக்கு மிக அருகில்’ என்று நிறுவனமே விளம்பரம் செய்கிறது. அப்படியானால் நீங்கள் இன்று 8 லட்சத்துக்கு வாங்குவது, அடுத்த திருத்தம் வரும்வரை மட்டுமே முதலிடத்தில் இருக்கும் ஒரு நகல்.

தேவையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1960-களின் ராக் இசையோடு வளர்ந்து, பிற்பாடு பணம் சேர்த்து, இளமையில் வாங்க முடியாததை வாங்கியவர்களே விண்டேஜ் கிதார் சந்தையைத் தூக்கி நிறுத்தினார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அந்த விலைகள் கணிசமாக இறங்கிப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தன. அந்தத் தலைமுறைக்கு இப்போது 70 வயதைக் கடந்துவிட்டது. ஏலங்களில் வரும் பெருந்தொகைகளை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அது சிபிஎஸ் காலத்துக் கிதார்தான், அங்கே விலைபோனது கில்மோரின் கை பட்ட வரலாறு.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குவதில் ஒரு சாதகம் உண்டு. டாலர் விலையுள்ள பொருள் என்பதால், ரூபாய் சரியும்போது உங்கள் கிதாரின் ரூபாய் மதிப்பு ஏறும். 2000-ம் ஆண்டில் சுமார் 45 ரூபாயாக இருந்த டாலர், 2024 இறுதியில் 85-ஐத் தொட்டது. இது ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தச் சாதகத்தைத் தங்கமும் தரும், அதை எந்த ஊர்க் கடைவீதியிலும் அன்றைய விலைக்கே விற்க முடியும். கிதார் அப்படியல்ல. நீங்கள் கொடுக்கும் 8 லட்சத்தில் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் அடங்கியிருக்கின்றன. வெளிநாட்டில் விற்க நேர்ந்தால் அந்த வரிக்கு யாரும் காசு தரமாட்டார்கள். உள்நாட்டில் விற்பதானால், அந்த விலைக்கு வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்தச் சிலரும் விலையைக் குறைத்தே கேட்பார்கள்.

பொருளின் உடல்நிலை என்று ஒன்றும் இருக்கிறது. லெஸ் பாலின் தலைப்பகுதி 17 டிகிரி பின்சாய்வாக அமைந்தது. பெட்டியோடு சாய்ந்து விழுந்தாலே அந்த இடத்தில் மரம் முறியக்கூடும், முறிந்து ஒட்டிய கிதார் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும். அதன் மேல் அடித்திருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ரப்பர் ஸ்டாண்டில் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். மழைக்கால ஈரத்தில் பல மாதம் திறக்கப்படாத பெட்டிக்குள், கழுத்தில் பதித்த உலோகப் பட்டிகளான ஃபிரெட்டுகள் களிம்பேறும், கழுத்து வளையும். பெட்டியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பது சரியல்ல.

வரியிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருளை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அதில் விலக்கு இல்லை. எனவே நீங்கள் வாசித்து வந்த கிதாருக்கு வரி இல்லை என்று வாதிட இடமுண்டு. முதலீடாகவே வாங்கிப் பூட்டி வைத்தது என்றால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். அப்போது 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததற்கு, 2024 ஜூலையில் வந்த மாற்றத்தின்படி, பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 சதவீத வரி. விற்கும் காலத்தில் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். 10 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 67 லட்சம் ஆகும். அந்த வளர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் நீண்ட காலப் பங்கு முதலீட்டில் அது பேராசையான எதிர்பார்ப்பும் அல்ல. உங்கள் லெஸ் பால் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் 2040-களில் அது 54 லட்சத்துக்கு விற்க வேண்டும். என் ஆலோசனை இது: ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்குங்கள், அந்த 2 லட்சத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக வாசியுங்கள். மீதமுள்ள 8 லட்சத்தில், 1.5 லட்சத்தை மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் இந்த ஆண்டுக்கான உச்சவரம்பாகப் போடுங்கள். 18 வயதுக்குப் பின் படிப்புக்காக அதிலிருந்து பாதிவரை எடுக்கலாம். மற்றதைக் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும், குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில், ஓராண்டுக்குள் பிரித்துப் பிரித்துச் செலுத்துங்கள். டேர்ம் இன்சூரன்ஸும் ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பும் இல்லையென்றால், முதலில் அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

என்றாவது விண்டேஜிலேயே பணம் போட வேண்டும் என்று தோன்றினால், மறுபதிப்பை விட்டுவிட்டு, ஏற்கெனவே வயதான, 1960-களில் மாணவர்களுக்காகச் செய்யப்பட்ட ஃபெண்டர் மஸ்டாங் போன்ற எளிய மாடல்களைப் பாருங்கள். புதுப்பொருள் கடையை விட்டு வெளியேறும்போது இழக்கும் மதிப்பை அவை எப்போதோ இழந்து முடித்தவை. ஆனால் நேரில், கன்ட்ரோல் குமிழ்கள் இருக்கும் முன்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடலில் 1376533 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். 137 அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தைக் குறிக்கும், 65 ஆண்டு, 33 அந்த ஆண்டின் வாரம். விற்பவர் 1964 என்று சொல்லும் கிதாருக்குள் அந்த எண் இருந்தால், ஒன்று பாகம் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது ஆண்டு தவறு. எண் பொருந்தினாலும், ஈயப் பற்றவைப்பு புதிதாகப் பளபளத்தால் காரணம் கேளுங்கள்.

நீங்கள் வாங்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பின்னாளில் பிக்கப்பையோ திருகுகளையோ மாற்றினால், கழற்றிய அசல் பாகங்களை ரசீதோடு ஓர் உறையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். எந்த விலைக்கு விற்பதானாலும், வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.