மணி அடித்தால் மேசைக்கு அடியில் ஒளியும் பையன்: வேளச்சேரி அம்மாவுக்கு

சகோதரி, யுகேஜி படிக்கும் உங்கள் பையன் மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான், பள்ளியில் "வேற ஸ்கூல் பாருங்க" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளும் இப்படித்தான். குக்கர் விசில் வந்தாலே பால்கனிக்கு ஓடுவாள். அடம் என்று நினைத்து ஒருமுறை அடித்தும் விட்டேன், இன்னும் உறுத்துகிறது. சத்தம் அவளுக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது.

அவசரப்பட்டு டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்து, தேவைக்கேற்ற வசதி செய்துதர வழிசெய்கிறது. ஆட்டிசமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் பையனுக்கு ஆட்டிசமா, வேறு எதுவுமா என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். ஈசிஆரில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் (NIEPMD) இருக்கிறது. அங்கே மதிப்பீடு செய்துகொள்ளலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு மிஸ்தான். மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் மகளின் தோளைத் தொட்டு, அட்டெண்டன்ஸ் நோட்டைக் கையில் கொடுத்து ஆபீஸ் ரூமுக்கு அனுப்புவார். அங்கே சத்தம் குறைவு. நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். கொஞ்ச நாளில் மேசைக்கு அடியில் போவது நின்றுவிட்டது. உங்கள் மிஸ்ஸிடமும் இதையே கேட்டுப் பாருங்கள், செலவே இல்லை. என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.