டீச்சர் பதில்கள்: அம்மா போன்தான் சின்னப் பிள்ளைக்கு இன்டர்நெட்

இந்த தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல போன் பத்திதான், அதுவும் ஒண்ணாங்கிளாஸ்லேந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் படிக்கிற சின்னதுங்க பத்தி. அதனால வேற கேள்வி எதுவும் எடுக்கல.

டீச்சர், பையன் ரெண்டாங்கிளாஸ். சாயங்காலம் என் போன்ல யூடியூப் பாப்பான். போன வாரம் நான் பக்கத்துல போனதும் டக்குனு மூடிட்டான். ஹிஸ்டரில பாத்தா அவன் எப்பவும் பாக்கற கார்ட்டூன் பொம்மையே கத்திய தூக்கிட்டு துரத்தற மாதிரி ஒரு வீடியோ. இப்ப ராத்திரி லைட்ட அணைக்க விட மாட்டேங்கறான். போனே குடுக்காதன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. என்ன பண்றது? - ஒரு அம்மா, ராசிபுரம்

பையன் பயந்து போயிருக்கான்மா, மொதல்ல அத பாருங்க, போன அப்புறம் பாத்துக்கலாம். லைட் கொஞ்ச நாள் எரியட்டும், ஒண்ணும் ஆகாது. பக்கத்துல படுத்துக்கிட்டு "நீ தேடிப் போகல, அதுவா வந்துச்சு, அம்மாவுக்கு தெரியும்"னு சொல்லுங்க. சும்மா சமாதானத்துக்கு இல்ல, நெசமாவே அப்படித்தான் வருது. ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது தானா ஓடும், பிள்ளைக்கு புடிச்ச பொம்ம படத்த மேல ஒட்டி உள்ள கண்ட கண்டத வச்சு ஏத்தறவங்க இருக்காங்க. 2017ல இந்த மாதிரி வீடியோ குழந்தைங்களுக்கான ஆப்குள்ளயே வந்துருச்சுனு உலகம் பூரா பெத்தவங்க கொதிச்சாங்க, யூடியூப் நிறைய சேனல்கள தூக்கினாங்க, ஆனா இன்னமும் புதுசு புதுசா வந்துட்டேதான் இருக்கு.

இப்ப அந்த வீடியோவ ஹிஸ்டரிலேந்து அழிச்சிடுங்க, இல்லன்னா அதே மாதிரி இன்னும் நாலு வந்து நிக்கும். வீடியோவுக்கு மேல ஆட்டோப்ளே பட்டன் இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. எழுதத் தெரியாத பிள்ளைங்க மைக்க அமுக்கி வாயாலயே தேடுதுங்க, அதுல என்ன வேணா வரும், அதனால முடிஞ்சா யூடியூப் கிட்ஸ் ஆப் போட்டு, வயசுல 5லேந்து 8ங்கறத வச்சு, சர்ச்சையும் நிறுத்தி வைங்க. நீங்க பாத்து சரின்னு சொன்ன சேனல் மட்டும் வர்ற மாதிரி ஒரு செட்டிங்கும் அதுல இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சது. சாதா யூடியூப்லயே பாத்தாலும் ஒரு அடையாளம் சொல்றேன். 2020 ஜனவரிலேந்து குழந்தைங்களுக்கானதுனு குறிச்ச வீடியோல கமெண்ட் போட முடியாது. ஆக, கார்ட்டூனுக்கு கீழ கமெண்ட் ஓடிட்டு இருந்துச்சுன்னா அது குழந்தைங்களுக்குனு குறிச்ச வீடியோ இல்லன்னு அர்த்தம், நீங்க ஒரு தடவ எட்டிப் பாத்துடணும்.

வீட்டுக்காரர் சொல்றது கோவத்துல சொல்றது, புரியுது. ஆனா பயந்த பிள்ளைகிட்டேந்து போன புடுங்கினா, மாட்டிக்கிட்டதால தண்டனைனுதான் அவன் எடுத்துப்பான், அடுத்த தடவ இன்னும் வேகமா மூடுவான், இல்ல பக்கத்து வீட்டுல போய் பாப்பான். நீங்க வந்ததும் அவன் மூடினான் பாருங்க, அந்த மூடற பழக்கத்ததான் நாம மாத்தணும். தனியா பாக்கறத நிறுத்துங்க, நீங்க காய் நறுக்கற எடத்துலயே அவனும் உக்காந்து சத்தம் வச்சு பாக்கட்டும்.

எங்களுது அரசு தொடக்கப் பள்ளி. ஒண்ணுலேந்து மூணு வரைக்கும் பிள்ளைங்களுக்கு இன்டர்நெட் பாதுகாப்பு சொல்லித்தரணும்னு ஆசை. கம்ப்யூட்டர் கிடையாது, பாதி பிள்ளைங்க இன்னும் எழுத்துக்கூட்டிதான் படிக்குது. பாஸ்வேர்டு, ப்ரைவசினா அதுங்களுக்கு புரியுமா? - ஒரு ஆசிரியை, பரமக்குடி

புரியாது டீச்சர், அதனால அந்த வார்த்தைங்கள விட்டுடுங்க. கம்ப்யூட்டர் இல்லாதது ஒரு குறையே இல்ல, அதுங்க கைக்கு வர்றது அம்மா போன், அப்பா போன், சித்தப்பா போன், அதுல கூகுள் பேயும் இருக்கு, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கு, கேமும் இருக்கு. நான் என் கிளாஸ்ல பண்றத சொல்றேன், உங்களுக்கு ஒத்து வர்றத எடுத்துக்கங்க.

"தெரியாதவங்ககிட்ட பேசாத"ன்னு ஆரம்பிக்காதீங்க. தெரியாத ஆள வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, பெரிய மீசை, செவந்த கண்ணு, தோள்ல சாக்கு, நம்ம ஊர் பிள்ளபுடிக்கிறவன்தான் வருவான். கேம்ல ரெண்டு நாள் சேந்து விளையாடினவன் அதுங்களுக்கு தெரியாத ஆளே இல்ல, அவன் "அண்ணா". அதனால ஆள் யாருன்னு பாக்கச் சொல்லாம என்ன கேக்கறாங்கன்னு பாக்கச் சொல்லுங்க. போட்டோ கேட்டாலும், வீடு எங்க ஸ்கூல் எதுன்னு கேட்டாலும், மெசேஜ்ல வந்த ஓடிபி நம்பர படின்னு சொன்னாலும், அம்மாகிட்ட சொல்லாதன்னு சொன்னாலும், சொந்தக்கார மாமாவாவே இருந்தாலும் சரி, போன கீழ வச்சுட்டு பெரியவங்கள கூப்பிடணும். இவ்ளோதான் பாடம், மத்ததெல்லாம் அப்புறம் தானா வந்து ஒட்டும்.

இத வாயால சொன்னா நிக்காது, நடிச்சுக் காட்டணும். சோப்பு அட்டைய வெட்டி போன் மாதிரி பண்ணி ஒரு பிள்ள கையில குடுப்பேன், அது மேல ஆறு நம்பர் எழுதியிருப்பேன். நான் தள்ளி நின்னு "ஹலோ பாப்பா, அம்மா குளிக்கிறாங்களா, பரவால்ல, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, அத படிச்சா உனக்கு சைக்கிள் பரிசு"ன்னு இனிக்க இனிக்க பேசுவேன். கணக்குல கெட்டிக்கார பிள்ளதான் மொதல்ல படிக்கும், சத்தமா, பெருமையா! ஏன்னா நம்மதான் நம்பர தப்பில்லாம படிச்சா கைதட்டு வாங்கிக் குடுத்து பழக்கி வச்சிருக்கோம். அந்தப் பிள்ளைய அப்ப தப்பு சொல்லிடாதீங்க, "நல்லா படிச்ச, ஆனா இந்த நம்பர் மட்டும் அம்மா படிக்கிற நம்பர்"னு சொல்லிட்டு மறுபடி நடிக்க வைங்க. ரெண்டாவது தடவ "அம்மா வரட்டும்"னு கட் பண்ணிடும், அப்ப கிளாஸே கைதட்டணும்.

ரகசியம் பத்தி தனியா ஒரு நாள் பேசுங்க. அப்பா பொறந்தநாளுக்கு சட்ட வாங்கி ஒளிச்சு வைக்கிறதும் சொல்லக்கூடாத விஷயம்தான், ஆனா ரெண்டு நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எல்லாரும் சிரிப்பாங்க. எப்பவுமே சொல்லாதன்னு ஒருத்தர் சொன்னா, சொன்னா உனக்கு அடி விழும்னு பயமுறுத்தினா, அதத்தான் ஓடி வந்து சொல்லணும். ஆறு வயசு பிள்ளைக்கே இந்த வித்தியாசம் நல்லா புரியுது. நல்ல தொடுதல் கெட்ட தொடுதல் நம்ம எப்படியும் சொல்லித்தரோம், அதே பாடத்துல ஒரு வரி சேத்துக்கங்க, ஜட்டி மூடற எடத்த யாரும் தொடக்கூடாதுங்கற மாதிரியே யாரும் போட்டோ எடுக்கவும் கூடாது, அந்த மாதிரி படத்த உனக்கு காட்டவும் கூடாதுன்னு.

அப்புறம் சொல்றதுக்கு வாய பழக்கணும். நிறைய பிள்ளைங்க அந்த நேரத்துல வார்த்த வராம நிக்குதுங்க. "போன்ல ஒண்ணு வந்துச்சு, எனக்கு புடிக்கல, வந்து பாருங்க"ன்னு ஒரே வரிய பாட்டு மாதிரி சொல்ல வைங்க, பேசவே கூச்சப்படற பிள்ளைக்கு போன கவுத்து வச்சு தூக்கிட்டு வந்து குடுத்தா போதும்னு சொல்லிக்குடுங்க. யார்கிட்ட சொல்லும்னு ஒவ்வொரு பிள்ளையையும் மூணு பேர சொல்லச் சொல்லி கேளுங்க, அம்மா பேர மட்டும் சொல்ற பிள்ளைக்கு இன்னும் ரெண்டு பேர நீங்களே யோசிக்க உதவி பண்ணுங்க. 1098 நம்பர பத்து, ஒம்போது, எட்டுன்னு தலைகீழா எண்ணிக் காட்டினா மறக்காது, குழந்தைகள் உதவிக்கான இலவச நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க. நம்ம கல்வித்துறையோட உதவி நம்பர் 14417ம் இருக்கு.

பிப்ரவரி மாசம் பாதுகாப்பான இன்டர்நெட் தினம்னு ஒண்ணு வரும், அன்னிக்கு ஒரு உறுதிமொழி, ஒரு போட்டோன்னு முடிச்சிடாதீங்க. வாரத்துல பத்து நிமிஷம், வேற வேற கதையா திரும்பத் திரும்ப நடிச்சாதான் கையில நிக்கும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பெத்தவங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் மட்டும் அழுத்தி கேளுங்க, பிள்ள வந்து சொன்னா அடிக்க மாட்டேன், போன புடுங்க மாட்டேன்னு பிள்ள காதுபட சொல்லணும். வீட்டுல இத சொல்லலன்னா நம்ம கிளாஸ்ல என்ன நடிச்சாலும் வீண்தான் டீச்சர்.

மகனும் மருமகளும் வேலைக்கு போறாங்க, மூணாவது படிக்கிற பேத்தி என் போன்லதான் கேம் விளையாடுது. என் பென்ஷன் அக்கவுண்ட் அதே போன்லதான் இருக்கு. பயமா இருக்கு. - ஒரு தாத்தா, கும்பகோணம்

ஐயா, உங்க பயம் நியாயம்தான். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல எதையாவது வாங்கினா ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கற மாதிரி வைக்கலாம், மகன இன்னிக்கே வச்சுத்தரச் சொல்லுங்க. பேத்திக்கு குடுக்கும்போது கேம திறந்து, அந்த ஒரு ஆப்ப மட்டும் பின் பண்ணிட்டு குடுங்க, ஆப் பின்னிங்னு செட்டிங்ஸ்ல இருக்கும், திறக்க லாக் கேக்கற மாதிரி அதுலயே வச்சுக்கலாம், அப்ப அத விட்டு மெசேஜுக்கோ பேங்க் ஆப்புக்கோ போகவே முடியாது. பேத்தி முன்னாடி யுபிஐ பின் போடாதீங்க, பிள்ளைங்க விரல் போற எடத்த பாத்தே கத்துக்கும். காசு வர்றதுக்கு பின் தேவையே இல்ல, போறதுக்கு மட்டும்தான், அத அதுக்கும் சொல்லி வைங்க. அப்படியும் பணம் போயிட்டா வீட்டுல யார் மேல தப்புன்னு பேசிட்டு இருக்காம உடனே சைபர் மோசடிக்கான உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ தூரம் பேங்க்ல பணத்த நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கு. பேத்திய அழ வச்சிடாதீங்க ஐயா, அடுத்த தடவ உங்ககிட்ட வந்து சொல்ல அதுக்கு தைரியம் வேணும்.

எட்டு வயசு பையன் ஆன்லைன் கேம்ல ஒரு "அண்ணா"கூட ஹெட்செட் போட்டு பேசறான். அவன் இவனுக்கு கேம்ல காசு மாதிரி செலவு பண்ற டைமண்ட் வாங்கித் தரானாம். இப்ப வாட்ஸ்அப் நம்பர் கேக்கறானாம், அம்மாவுக்கு தெரிய வேணாம்னும் சொல்லியிருக்கான். கேம்தானன்னு விடறதா? - ஒரு அம்மா, திருப்பூர்

விடாதீங்கமா. பரிசு குடுத்து, கேம்லேந்து வெளிய கூப்பிட்டு, அம்மாவுக்கு தெரியக்கூடாதுன்னு சொல்றது, இந்த மூணும் சேந்து வந்தா அது விளையாட்டு இல்ல. பையன் இத உங்ககிட்ட சொல்லியிருக்கான்னா அதுக்கு மொதல்ல அவன கட்டிப்புடிச்சு "சொன்னது ரொம்ப நல்லது"ன்னு சொல்லுங்க. அவன் பயப்படாத நேரமா பாத்து, ஏதாவது போட்டோ கேட்டானா, அனுப்பினியான்னு பொறுமையா கேளுங்க, குரல் ஒசராம.

கோவத்துல சாட்ட அழிச்சிடாதீங்க, நீங்களே அந்த ஆளுக்கு பதிலும் போடாதீங்க. ஐடி தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு அப்புறம் ப்ளாக் பண்ணி கேம்லயே ரிப்போர்ட் பண்ணுங்க. தப்பான பேச்சோ படமோ ஏதாவது இருந்தா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகார் குடுக்கலாம், குழந்தைங்க சம்பந்தப்பட்டதுக்கு பேர் சொல்லாமயே குடுக்க வழி இருக்கு, 1098க்கும் பேசலாம், பக்கத்து மகளிர் ஸ்டேஷனுக்கும் போகலாம். கெட்ட எண்ணத்தோட ஒரு குழந்தைய போன் வழியா திரும்பத் திரும்ப தொடர்பு கொள்றதே குழந்தைங்கள பாலியல் குத்தங்கள்லேந்து காப்பாத்த 2012ல வந்த போக்சோ சட்டத்துல குத்தம். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, குழந்தையோட தப்பான படம் எதுவும் இருந்தா அத "பாருங்க என்ன நடந்திருக்கு"ன்னு சொந்தக்காரங்களுக்கோ குரூப்லயோ அனுப்பிடாதீங்க, அனுப்பறதே குத்தமாயிடும், அப்படியே போலீஸ்ல காட்டுங்க.

கேம் வேணும்னு அழுதான்னா வாய்ஸும் சாட்டும் இல்லாத கேம், இல்ல வீட்டு ஆளுங்ககூட மட்டும் ஆடற கேம் குடுங்க. அக்கவுண்ட்ல பொறந்த வருஷத்த பாத்துடுங்க, நிறைய வீட்டுல 2000ம்னு எதையோ போட்டு திறந்து வச்சிருக்காங்க, அப்ப அந்த ஆப் எட்டு வயசு பிள்ளைய பெரிய ஆளுன்னே நெனச்சு எல்லாத்தையும் திறந்து விட்டுடும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராமுக்கெல்லாம் அவங்களே வச்சிருக்கற வயசு 13.

பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சேந்த மொத நாள், யூனிஃபார்மோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன். வைக்காதீங்கனு மனைவி சண்ட. இதுல என்ன இருக்கு? - ஒரு அப்பா, சென்னை

சந்தோஷத்த சொல்லணும்னு தோணறது தப்பே இல்ல சார், ஆனா நான் உங்க மனைவி பக்கம்தான். சட்டையில பள்ளிக்கூட பேட்ஜ், கழுத்து ஐடி கார்டுல பேரு, கிளாசு, அப்பா போன் நம்பர், பின்னாடி ஸ்கூல் கேட்டு, ஒரே படத்துல எல்லாம் வந்துடுது. யாராவது கேட்டுல வந்து பேர சொல்லி "அப்பா அனுப்பினாரு"ன்னா ஆறு வயசு பிள்ள நம்பிடும். நம்பர் சேவ் பண்ணி வச்ச பழைய வீட்டு ஓனர், ப்ளம்பர், எப்பவோ பேசின புரோக்கர் எல்லாரும் உங்க ஸ்டேட்டஸ பாக்கறாங்கனு யோசிங்க. வாட்ஸ்அப் ப்ரைவசில ஸ்டேட்டஸ யாருக்கு மட்டும்னு தேர்ந்தெடுக்கலாம், வீட்டு ஆளுங்கள மட்டும் வச்சுக்கங்க. ஐடி கார்ட கழட்டிட்டு, வீட்டுக்குள்ள வச்சு எடுங்க. போடறதுக்கு முன்னாடி "இத போடவா"ன்னு பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, அப்பாவே நம்மள கேட்டுட்டுதான் போடறாருன்னு பழகின பிள்ளைக்கு நாளைக்கு வேற யாராவது கேக்காம போட்டோ எடுக்கும்போது வேணாம்னு சொல்ல வாய் வரும்.